புழுவுக்கும் ஒரு பங்கு

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போனதும் அம்மா முதலில் காட்டியது, பாதி மொட்டையாகிவிட்ட கறிவேப்பிலைக் கன்றைத்தான். எஞ்சிய இலைகளில் பச்சைப் புழுக்கள். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை வந்துவிட்டான் என்ற நம்பிக்கை அம்மாவுக்கு! நானும் பூச்சிமருந்து வாங்கித் தெளித்தேன். மறுநாள் புழுக்கள் உதிர்ந்து கிடந்தன. விடுமுறை முடியும்வரை எங்கள் கொல்லையில் ஒரு வண்ணத்துப்பூச்சியையும் நான் காணவில்லை. பிழை என்னுடையது. ஆகவே அதைத் தோழர்களுக்கு விளக்குவதும் என் கடமை.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கருமையும் வெளிர்மஞ்சளும் கலந்த 'எலுமிச்சை அழகி' என்னும் வண்ணத்துப்பூச்சி இவற்றின் தளிர்களில் முட்டையிடுகிறது. இளம்புழு பறவையின் எச்சம்போல் தோன்றிப் பகைவரை ஏமாற்றும். வளர்ந்தபின் பச்சை நிறம் பெற்று இலையோடு இலையாய் மறையும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோன்ற உறுப்பை நீட்டித் துர்நாற்றம் பரப்பும். பின்பு கூட்டுப்புழுவாகிச் சிறகு பெறும். எல்லாம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

பூச்செடி வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும் என்பது பாதி உண்மையே. பூ, வந்துபோகும் பூச்சிக்குத் தேன் தரும். அதன் குஞ்சான புழுவுக்கோ இலைதான் உணவு. அதுவும் கண்ட இலையைத் தின்னாது. 'வெந்தய வரியன்' எருக்கை நாடுகிறது. அரளிக்கும் ஆமணக்குக்கும் வேறு வேறு இனங்கள் உண்டு. களையென்று எருக்கை வெட்டினால், அந்த இனம் முட்டையிட இடமில்லாமல் போகும். பறவைகளுக்கும் இதனால் நட்டமே. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சி புழுக்களையே ஊட்டுகிறது.

எனவே கறிவேப்பிலைக் கன்று இரண்டு நடுங்கள்: ஒன்று அடுக்களைக்கு, மற்றொன்று புழுவுக்கு. முதலாவதில் புழு கண்டால் கொல்லாமல் இரண்டாவதில் விடுங்கள். எருக்கு, குழந்தைகள் கைபடாத வேலியோரத்தில் இருக்கட்டும். அதன் பால் கண்ணில் பட்டால் கேடு. தேனுக்கு இட்லிப்பூவும் தும்பையும் போதும். ஆழமில்லாத மண்சட்டியில் நீர் வைத்து நாள்தோறும் மாற்றுங்கள். சருகுகளை எரிக்காமல் ஒரு மூலையில் மக்கவிடுங்கள். பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்னிக்கு மருந்து அடிச்சது நீதானேப்பா?" என்றார். அதற்கு விடை என் பாடப் புத்தகங்களில் இல்லை. அடுத்த விடுமுறையில் இரண்டாவது கன்றை நானே நடப்போகிறேன். ஊர் செல்லும் தோழர்களும் ஆளுக்கொரு கன்று நடுவார்களாக!