நொடியில் பணம், கொஞ்சம் நிதானம்

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடெங்கும் யுபிஐ தடுமாறியது. கடைகளில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தவர்கள் கைபேசியில் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு என்பிசிஐ, அதாவது இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம், காரணத்தைக் கண்டறிந்தது. ‘பணம் போய்ச் சேர்ந்ததா?’ என்று சில வங்கிகளின் கணினிகள், பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, ஓயாமல் கேட்டிருக்கின்றன. அந்தக் கேள்விகளின் சுமையில்தான் அமைப்பு திணறியது.

ஒரு டீக்கு எத்தனை கணினிகள்?

டீக்கடையில் 15 ரூபாய் அனுப்புகிறீர்கள். செயலி அதைத் தன்னோடு இணைந்த வங்கிக்குத் தருகிறது. அங்கிருந்து என்பிசிஐக்குப் போகிறது. உங்கள் வங்கி பின் எண்ணைச் சரிபார்த்துப் பணத்தைக் கழிக்கிறது. கடைக்காரரின் வங்கி வரவு வைக்கிறது. இருவருக்கும் தகவல் திரும்புகிறது. இந்தச் சங்கிலியில் ஒருவர் தாமதித்தாலும் திரையில் ‘பெண்டிங்’தான். 15 ரூபாய்க்கும் 15,000 ரூபாய்க்கும் கணினிகளுக்கு வேலை ஒன்றே.

2016இல் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. சராசரியாக நொடிக்கு 7,400க்கும் மேல். உச்ச நேரங்களில் இன்னும் கூடும்.

சுமை எப்படிக் குறைகிறது?

அதே ஆகஸ்ட் முதல் புதிய விதிகள் வந்தன. ஒரு செயலியில் நாளுக்கு 50 முறைதான் இருப்பைப் பார்க்கலாம். நிலுவையில் உள்ள பரிவர்த்தனையின் நிலையை மூன்று முறைதான் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் 90 விநாடி இடைவெளி வேண்டும். தவணை, சந்தா போன்ற தானியங்கிப் பிடித்தங்கள் நெரிசலற்ற நேரத்துக்கு மாற்றப்பட்டன. சிறு தொகைகளுக்கு யுபிஐ லைட் இருக்கிறது. அதில் ஒவ்வொரு டீக்கும் வங்கியின் மையக் கணினியைத் தட்ட வேண்டியதில்லை.

செலவு யாருடையது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2020 முதல் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தும் யுபிஐக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வசூலிப்பதில்லை. அரசின் ஊக்கத்தொகை 2024-25க்குச் சுமார் 1,500 கோடி ரூபாய். சிறு வியாபாரியைக் காக்கும் இந்த இலவசம் நீடிக்க வேண்டும். ஆனால், கணினிகளையும் பாதுகாப்பையும் பெருக்கும் செலவை யாராவது ஏற்றே ஆக வேண்டும். அதை அரசு திறந்த மனதோடு ஏற்பதே முறை.

பூட்டை உடைப்பதில்லை

மோசடிக்காரர்கள் பெரும்பாலும் கணினியை உடைப்பதில்லை. நம்மையே பின் எண்ணைப் போட வைக்கிறார்கள். ‘பணம் வரும், ஸ்கேன் செய்யுங்கள்’ என்பார்கள். பணம் பெற ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதி இப்படித் தவறாகப் பயன்பட்டதால், 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது.

போன பணம் நிமிடங்களில் பல கணக்குகளுக்குச் சிதறிவிடுகிறது. அடுத்தவர் பெயரில் வாடகைக்கு எடுத்த இந்தக் கணக்குகளைக் கண்டுபிடிக்க, ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ‘மியூல்ஹன்டர்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியிருக்கிறது. அனுப்பும் வேகத்துக்குத் தடுக்கும் வேகம் ஈடுகொடுத்தால்தான் பலன்.

என்ன செய்யலாம்?

தனிநபருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிந்து, சேராமல் நின்றால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டுப் பெறுங்கள்.

மோசடி என்று தெரிந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். பணத்தை முடக்க முதல் சில நிமிடங்களே பெரிய வாய்ப்பு. ‘இப்போதே அனுப்புங்கள்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், கணினிகளுக்கு விதித்த அந்த 90 விநாடியை நாமும் எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் இன்றே 1930ஐப் பதிந்து கொடுங்கள்.