நாவலாக வெளிவரும் உளவு ரகசியங்கள்: ஓய்வுபெற்ற அதிகாரிகள் புனைகதையை நாடுவது ஏன்?

புது டெல்லி: இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வில் இணைச் செயலாளராக இருந்த ரவீந்தர் சிங், 2004-ஆம் ஆண்டு நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். அமெரிக்காவுக்காக உளவு பார்த்ததாகச் சந்தேகிக்கப்பட்ட அவர், அப்போது சக அதிகாரிகளின் கண்காணிப்பில் இருந்தார் என்பதுதான் வேதனை.

அந்தக் கண்காணிப்புக்குப் பொறுப்பு வகித்த அமர் பூஷண், ஓய்வுபெற்ற பின்னர் 2012-இல் 'எஸ்கேப் டு நோவேர்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். அது அறிக்கையாகவோ நினைவுக்குறிப்பாகவோ அல்லாமல், பெயர்கள் மாற்றப்பட்ட நாவலாக வந்தது. இதைத் தழுவியே விஷால் பரத்வாஜ் இயக்கிய 'குஃபியா' திரைப்படம் 2023-இல் வெளியானது.

இந்த வடிவத் தேர்வின் பின்னணியில் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் நிற்கிறது. 'ரா'வில் பணியாற்றிய மேஜர் ஜெனரல் வி.கே. சிங், 2007-இல் அந்த அமைப்பைப் பற்றி நேரடியாகவே நூல் எழுதினார். அமைப்பில் பொறுப்புக்கூறல் இல்லாததைச் சுட்டிக்காட்டுவதே தமது நோக்கம் என்றார். ஆயினும் இச்சட்டத்தின் கீழ் அவர் மீது சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. வழக்கை ரத்து செய்ய 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரு நூலுக்காகப் பதினாறு ஆண்டுகள்!

2021 மே மாதம் ஓய்வூதிய விதிகளும் கடுமையாக்கப்பட்டன. உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள், அமைப்பின் பணிகள் குறித்து எதை வெளியிடுவதற்கும் அதன் தலைவரிடம் முன் அனுமதி பெற வேண்டும். மீறினால் ஓய்வூதியமே கேள்விக்குறியாகும். எல்லைக்கு அப்பாலும் இதே நிலைதான். 'ரா' முன்னாள் தலைவர் ஏ.எஸ். துலத்துடன் இணைந்து 2018-இல் உரையாடல் நூல் வெளியிட்ட ஐஎஸ்ஐ முன்னாள் தலைவர் ஆசாத் துரானியின் ஓய்வூதியத்தைப் பாகிஸ்தான் ராணுவம் மறு ஆண்டே நிறுத்தியது.

புனைவு என்ற பெயர் மட்டுமே சட்டப் பாதுகாப்பு ஆகிவிடாது. எனினும், எது நடந்தது, எது கற்பனை என்று உறுதிசெய்ய வேண்டிய கட்டாயம் நாவலாசிரியருக்கு இல்லை. அதற்கான விலையை வாசகரே தருகிறார். ஹரிந்தர் சிக்கா 2008-இல் எழுதிய 'காலிங் செஹ்மத்', 1971 போருக்கு முன்பு பாகிஸ்தான் ராணுவக் குடும்பத்தில் மருமகளாக நுழைந்து உளவு பார்த்த காஷ்மீர்ப் பெண்ணின் கதை. அவர் உண்மையில் வாழ்ந்தவர் என்கிறார் சிக்கா. 2018-இல் 'ராஸி' என்ற பெயரில் அது திரைப்படமாகி நாடெங்கும் பேசப்பட்ட பிறகும், அந்தப் பெண்ணின் உண்மைப் பெயரை அவர் வெளியிடவில்லை.