ஆஷா சகாய்: போர்க்காலத்தின் நாட்குறிப்பு

நுழையும்முன்

நடந்து முடிந்தவற்றைப் பின்னர் ஆராய்ந்து எழுதுவது வரலாறு. முடிவு தெரியாத நிலையில் அன்றன்று எழுதுவது நாட்குறிப்பு. நாட்குறிப்பு என்றதும், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பதிவுசெய்த ஆனந்தரங்கர் நம் நினைவுக்கு வருவார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய இளம்பெண் ஒருவரை இங்குக் காண்போம்.

அயல்மண்ணில் பிறப்பு

பாரதி ஆஷா சகாய் 1928ஆம் ஆண்டு ஜப்பானின் கோபே நகரில் பிறந்தார். தந்தை ஆனந்த மோகன் சகாய், பீகாரைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர். நேதாஜியின் சுதந்திர இந்திய அரசில் பொறுப்பு வகித்தவர். தாய் சதி சகாய், தேசபந்து சித்தரஞ்சன் தாசின் உறவினர். காணாத தாய்நாட்டின்மீது ஆஷா பெரும்பற்றுக் கொண்டார். 1943ஆம் ஆண்டு முதல் 1947ஆம் ஆண்டு வரை நாட்குறிப்பு எழுதினார். தாம் கல்வி பயின்ற ஜப்பானிய மொழியிலேயே அதனை எழுதினார்.

படையும் ஏடும்

1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சிராணி படையில் சேர ஆஷா விழைந்தார். இளவயது காரணமாகக் காத்திருக்க நேர்ந்தது. 1945இல், தம் பதினேழாம் வயதில், குண்டுவீச்சால் சிதைந்த ஜப்பானிலிருந்து பாங்காக் சென்று படைப்பயிற்சி பெற்றார். அதற்குள் இம்பால் போரில் பின்னடைவு நேர்ந்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. போர்முனையைக் காணாமலேயே அவரது படைவாழ்வு முடிந்தது. 1946இல் அவர் இந்தியா வந்தார்.

வெற்றி பெற்றவர் மட்டுமே எழுத வேண்டும் என்பதில்லை. நம்பிக்கையோடு புறப்பட்டு ஏமாற்றத்தைச் சந்தித்த ஒருவரின் பதிவாதலால் இந்நாட்குறிப்பு மதிப்புடையதாகிறது. பிற்காலத்தில் ஆஷாவே இதனை இந்தியில் மொழிபெயர்த்தார். 2022இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

எழுதப்படாத ஏடுகள்

கேப்டன் லட்சுமி தலைமையேற்ற ஜான்சிராணி படையில், மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப்பெண்கள் பெருமளவில் இருந்தனர். அத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் சென்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. திருச்செங்கோடும் நாமக்கல்லும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. அப்பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். பசியும் நெடும்பயணமும் கண்டனர். ஆயினும், அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்கும் வாய்ப்புப் பெறாதவர்கள். ஆஷாவின் ஓராண்டை நாம் நாள்வாரியாக அறிகிறோம். அவர்களுள் பலரின் பெயரைக்கூட அறியோம். வீரத்தில் வேறுபாடில்லை, ஏட்டில்தான் வேறுபாடு.

மாணவர்களே! கடல்கடந்து சென்றவர் உங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கலாம். மூத்தோரிடம் கேளுங்கள், கேட்டதைத் தேதியிட்டு எழுதுங்கள். உங்கள் நாட்குறிப்பின் முதற்பக்கம் அதுவாக அமையட்டும்.