இரண்டாவது மின்னல் வருமா? – கல்யாண வீட்டு பிளாஷ் வாங்கும் கதை



எங்கள் வீட்டு இரும்புப் பெட்டிக்குள் ஒரு கல்யாண ஆல்பம் இருக்கிறது. 2004-ஆம் வருஷம் வைகாசியில், திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், வாசலில் பந்தல் போட்டு நடந்த என் அப்பா அம்மா கல்யாணம். அந்த ஆல்பத்தில் பொண்ணழைப்பு இருக்கு, பந்தி இருக்கு, மொய் எழுதுற மாமாகூட இருக்காரு. ஒன்றே ஒன்று இல்லை. அப்பா தாலி கட்டும் படம்! தாலியைக் கையில் தூக்கிப் பிடித்த படம் ஒன்று. அடுத்த படத்தில் தலையெல்லாம் அட்சதையோடு இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் வெறும் இருட்டு.

"கெட்டிமேளம் கொட்டுச்சு, அந்த ஆளு பொத்தானை அமுக்குனாரு, மின்னல் வரலையேப்பா" என்பார் அம்மா. அப்பாவோ இருபது வருஷமாக அந்தப் போட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே தறி நெய்கிறார்.

நான் அருப்புக்கோட்டைத் தறிக்காரர் மகன். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முகூர்த்த நாட்களில் ஒரு ஸ்டூடியோ அண்ணனோடு கேமராப் பை தூக்கப் போவேன். அந்தக் காசில் போன மாதம் சொந்தமாக ஒரு பிளாஷ் வாங்கினேன். வாங்குவதற்கு முன் நான் கற்றுக்கொண்டதை, என்னைப் போலவே பகுதி நேரமாகக் கேமரா பிடிக்கும் நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மின்னல் எங்கிருந்து வருகிறது?

1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீதே, யோஹானஸ் கேடிக்கே என்ற இருவர் மெக்னீசியம் கலந்த பிளாஷ் பொடியைக் கண்டுபிடித்தார்கள். தீ வைத்தால் 'புஸ்' என்று வெளிச்சம், கூடவே புகை. பிறகு ஒருமுறை எரிந்தால் தூக்கி எறிய வேண்டிய பிளாஷ் பல்புகள் வந்தன. 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய மின்பொறியாளர் ஹெரால்டு எட்ஜெர்டன், கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து வாயுக் குழாய்க்குள் ஒரே நொடியில் கொட்டும் முறையை வளர்த்தெடுத்தார். இன்று நம் கேமரா மேல் உட்காரும் பிளாஷும் அந்த வம்சம்தான்.

பென்சில் செல்லின் சின்ன வோல்ட்டேஜை ஒரு இன்வெர்ட்டர் சுற்று 300 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறது. அது கெப்பாசிட்டரில் நிறைகிறது. ஷட்டர் திறந்ததும் செனான் குழாய் வழியாகக் கொட்டுகிறது. அம்புட்டுதான்! ஆனால் கொட்டியதை மறுபடி நிரப்ப நேரம் வேண்டுமே? அங்கேதான் எங்கள் வீட்டுத் தாலிப் படம் போனது.

நம் பாடத்திலேயே விடை இருக்கிறது

கெப்பாசிட்டரின் ஆற்றல் = கொள்ளளவு × வோல்ட்டேஜின் வர்க்கம் ÷ 2. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதே சூத்திரம். உதாரணத்துக்கு 1400 மைக்ரோ ஃபாரட், 330 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 76 ஜூல் வரும்.

1.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி ரீசார்ஜ் செல்கள் நான்கு போட்டால் மொத்தம் 34,560 ஜூல். அதில் பாதி சுற்றிலேயே சூடாகப் போகிறது என்று வைத்தால், முழுச் சக்தியில் சுமார் 225 மின்னல் கிடைக்கும். காடாக்ஸ் டிடி600 பிளாஷுக்கு அந்தக் கம்பெனி சொல்லும் கணக்கும் ஏறக்குறைய இதேதான்: 230 மின்னல். நம்ம வாத்தியார் சொல்லிக்கொடுத்தது கடைத்தெருவிலும் செல்லுபடியாகிறது, பார்த்தீர்களா!

நிரம்பும் நேரத்தை 'ரீசைக்கிள் டைம்' என்பார்கள். நல்ல ரீசார்ஜ் செல் போட்டால் முழுச் சக்திக்கு இரண்டு மூன்று விநாடி. சாதாரணக் கடைச் செல் போட்டால் அதன் உள் மின்தடை அதிகம். பல ஆம்பியர் கரன்ட்டை அதனால் சட்டென்று தர முடியாது. செல் இறங்க இறங்க ஐந்து விநாடி, எட்டு விநாடி என்று இழுத்துக்கொண்டே போகும். மூணு முடிச்சு விழ எத்தனை விநாடி ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!

பெட்டி மேல் போட்டிருக்கும் நம்பர்

கடைக்குப் போனால் முதலில் "கைடு நம்பர் 60 தம்பி, எடுத்துக்கோங்க" என்பார்கள். கைடு நம்பர் என்பது ஐ.எஸ்.ஓ. 100-இல், தூரம் (மீட்டரில்) × லென்ஸ் துளை எண். அதை எஃப் எண்ணால் வகுத்தால் எவ்வளவு தூரம் வெளிச்சம் எட்டும் என்று தெரியும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த 60, பிளாஷின் தலையை 200 மி.மீ. லென்ஸுக்காகக் குறுக்கி அளந்தது. டார்ச் லைட்டைக் குவித்து அடிப்பது போல. மணவறையைப் படம் எடுக்க நாம் போடுவது 35 மி.மீ. பக்கம். அதற்கு விரித்தால் நம்பர் கிட்டத்தட்ட பாதிக்கு இறங்கிவிடும். ஆகவே இரண்டு பிளாஷை ஒப்பிடும்போது, இரண்டுக்கும் 35 மி.மீ. நம்பரைக் கேளுங்கள்.

இப்போது 2004-க்குப் போவோம். 35 மி.மீ.யில் நம்பர் 32 உள்ள பிளாஷ். ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிம். எல்லார் முகமும் தெளிவாக விழ எஃப் 8. கணக்குப் போட்டால் 32 ÷ 8 = 4 மீட்டர். அதாவது நாலு மீட்டர் தள்ளி நின்றால் ஒவ்வொரு படத்துக்கும் கெப்பாசிட்டர் முழுதும் காலியாகும். தாலியைத் தூக்கியபோது ஒரு மின்னல் போயாச்சு. அடுத்தது நிரம்புவதற்குள் கெட்டிமேளம்!

இன்று அதே தூரத்தில் எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 800 வையுங்கள். துளையால் 4 மடங்கு, ஐ.எஸ்.ஓ.வால் 8 மடங்கு. ஆக 32-இல் ஒரு பங்கு சக்தி போதும். கெப்பாசிட்டரில் கொஞ்சம்தான் குறைகிறது. கண் இமைப்பதற்குள் நிரம்பிவிடுகிறது. ஆகவே நண்பர்களே, இன்று நமக்கு வேண்டியது பெரிய நம்பர் அல்ல; தயாராக இருக்கும் பிளாஷ்!

பந்தலும் மண்டபமும் கோயிலும்

முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்தால் மூக்கு நுனியும் நெற்றியும் எண்ணெய் வடிவது போல மின்னும். பின்னால் சுவரில் கரிய நிழல். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும் என்பது விதி. மணமக்கள் 2 மீட்டரில், அப்பத்தா 4 மீட்டரில் நின்றால், அப்பத்தா இருட்டில்தான் இருப்பார்.

இதற்கு வழி, பிளாஷின் தலையைத் திருப்பிக் கூரையிலோ சுவரிலோ அடித்து வெளிச்சத்தை இறக்குவது. 'பவுன்ஸ்' என்பார்கள். அருப்புக்கோட்டை மண்டபங்களில் வெள்ளைக் கூரை இருந்தால் பிரமாதமாக வரும். சக்தி கூடுதலாகச் செலவாகும். கால் பங்கு, அரைப் பங்கு வரை ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் நம்ம கரிசக்காட்டுக் கல்யாணம் பாதி பந்தலில்தானே நடக்கிறது? சிவப்பும் மஞ்சளுமான துணிப் பந்தலில் மேல்நோக்கி அடித்தால் பொண்ணு முகம் செம்பருத்திப் பூவாகிவிடும். அங்கே மேலே அடிக்காதீர்கள்; பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த வீட்டுச் சுவர் இருந்தால் அதில் அடியுங்கள். திருச்சுழி திருமேனிநாதர் கோயில் போன்ற கல் மண்டபத்தில் கருங்கல் வெளிச்சத்தை விழுங்கிவிடும்; அங்கே நேராகத்தான் அடிக்க வேண்டும். சக்தியைக் குறைத்து ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ளுங்கள்.

மேலே மட்டும் தூக்கும் தலை போதாது. பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால்தான் அதன் அருமை தெரியும்.

தானியங்கியை முழுசாக நம்பலாமா?

'டி.டி.எல்.' உள்ள பிளாஷ் முதலில் சின்ன மின்னல் ஒன்றை விட்டு, திரும்பி வரும் வெளிச்சத்தை லென்ஸ் வழியாக அளந்து, சக்தியைத் தானே முடிவு செய்யும். ஓடியாடி எடுக்கும் கல்யாணத்தில் இது பெரிய உதவி. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால் ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நம்ம ஆட்கள் நிறத்துக்கு முகம் இன்னும் கருத்துவிடும். அப்போது நாமே ஒரு படி கூட்ட வேண்டும். ராத்திரி ஊர்வலத்தில் பின்னால் கும்மிருட்டு. அங்கே ஒரு படி குறைக்க வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா? கேனன், நிக்கான், சோனி ஒவ்வொன்றுக்கும் டி.டி.எல். தொடர்புப் புள்ளிகள் வேறு. 2018-இல் வந்த கேனன் 3000டி, 2019-இல் வந்த 200டி மார்க் 2 ஆகியவற்றின் ஹாட் ஷூவில் நடுப் புள்ளியே கிடையாது. ஒற்றைப் புள்ளி மேனுவல் பிளாஷ் அதில் எரியாது!

2. தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்புமா?

3. முழுச் சக்தியில் நிரம்ப எத்தனை விநாடி? கடையிலேயே ஐந்து முறை தொடர்ந்து அடித்து எண்ணுங்கள். முதல் மின்னலைப் பார்த்து மயங்காதீர்கள்.

4. என்ன செல்? நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். காசு இருந்தால் லித்தியம் பேட்டரி உள்ளது: காடாக்ஸ் வி860 மார்க் 2 போன்றவை 1.5 விநாடிக்குள் நிரம்பும், 650 முழு மின்னல் என்கிறது கம்பெனி. நம்மூர் வெயிலில் பேட்டரியை வண்டிப் பெட்டிக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.

5. பழைய பிளாஷா? ஃபிலிம் காலத்து விவிட்டார் 283 போன்றவற்றில் பழைய தயாரிப்புகள் சில ஹாட் ஷூவில் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டும். டிஜிட்டல் கேமரா கருகிவிடலாம். மாட்டுமுன் பிளாஷை ஆன் செய்து, நடுப் புள்ளிக்கும் ஓரத்துக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். ஐந்தாறு வோல்ட்டுக்குள் என்றால் நிம்மதி.

ஒரு எச்சரிக்கை! டிப்ளமோ படிக்கிறோம் என்ற தைரியத்தில் பிளாஷைத் திறக்காதீர்கள். செல்லைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட் காத்திருக்கும். உயிரையே வாங்கிவிடும்.

கடைசியாக…

போன ஆவணியில் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். ஸ்டூடியோ அண்ணன் என் கையிலும் ஒரு கேமரா கொடுத்தார். ஒரு நண்பனிடம் இரவல் வாங்கிய பிளாஷ், கடைச் செல், முழுச் சக்தி. மூன்று படம் அடித்தேன். நாலாவதுதான் தாலி. இருட்டு! நல்லவேளை, அண்ணன் எடுத்துவிட்டார். "விடுறா தம்பி, எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும்" என்றார். எனக்கோ கை நடுங்கியது. எங்கள் வீட்டு ஆல்பம்தான் கண்ணில் வந்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 32-ஐ 8-ஆல் வகுத்து, கெப்பாசிட்டர் படம் வரைந்து, செல் ஏன் தாமதித்தது என்று சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவரு மேல தப்பில்லையாடா? இம்புட்டு வருஷம் வைதுட்டேனே" என்றார். படிப்பு என்ன தரும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது.

எண்ணூறு ஐ.எஸ்.ஓ., ரீசார்ஜ் செல், எல்லாப் பக்கமும் திரும்பும் தலை, நடுத்தர நம்பர். நான் வாங்கியது அதுதான். அப்பாவுக்கு அறுபது வயது ஆக இன்னும் பதினான்கு வருஷம் இருக்கிறது. அறுபதாம் கல்யாணத்தில் அம்மாவுக்கு மறுபடி தாலி கட்டுவார். அன்றைக்கு ஆல்பத்தின் அந்த இருட்டான இடத்தை நான் நிரப்புவேன்.

அதற்குள் நீங்களும் நல்ல பிளாஷ் வாங்குங்கள். யார் வீட்டு ஆல்பத்திலும் தாலிப் படம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நண்பர்களே!