பாட்டி ‘பாடடி’ ஆன கதை

போன ஆண்டு பாட்டியின் திதியன்று காலை, தைப்பிங்கிலிருந்து மாமா அழைத்தார். நான் அப்போதுதான் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, நிலையத்துக்குக் கீழே இருக்கும் கடையில் பசியாற உட்கார்ந்திருந்தேன்.

“என்னம்மா, பாட்டி குரலு வரலையே. வெள்ளையா இருக்கு, ஒன்னுமே இல்ல” என்றார்.

அங்கே படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத்துக் கதையைப் பாட்டி சொல்லும் 11 நிமிடப் பதிவை அன்று போட்டுக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். கைப்பேசியில் என் வலைப்பூவைத் திறந்தேன். மாமா சொன்னது சரிதான். வெள்ளைத் திரை.

மூலப் பதிவு என்னிடம் இருந்தது. புலனத்தில் அனுப்பிவைத்தேன், திதி நடந்தது. ஆனால் அந்த வலைப்பூவில் பாட்டி மட்டுமா இருந்தார்? பால்மரம் வெட்டியவர்கள், ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள், விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டவர்கள் என்று வார இறுதிகளில் நானே தேடிப் போய்ப் பதிவு செய்த 63 பேரின் குரல்கள் அதில் இருந்தன. அவர்களில் பலர் இன்று இல்லை.

நடந்தது இதுதான். என் வலைப்பூ வேர்ட்பிரஸில் ஓடியது. அதற்கு ஓர் இலவசத் தீம் போட்டிருந்தேன். தீம் என்றால் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுப்பு. 2005-இல் வேர்ட்பிரஸ் 1.5 வந்தபோதுதான் இந்த ஏற்பாடே அதில் வந்தது. அதனோடு வந்த ‘குப்ரிக்’ தீமின் நீலத் தலைப்பை அந்தக் காலத்தில் இணையத்தில் உலாவியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் எடுத்த தீமைச் செய்தவர் யாரோ ஒருவர், எங்கோ ஓர் ஊரில். ஒலிப்பெட்டி அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனிப்பதை நிறுத்தி நாலு வருடம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாது. வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி மொழியை, இடம் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் 8-ஆம் பதிப்புக்கு மாற்றியிருக்கிறது. பழைய மொழியில் இருந்த ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்ற வசதி 8-இல் கிடையாது. என் தீமில் ஒரே ஒரு வரியில் அது இருந்தது. அந்த ஒரு வரிக்காக 63 பேரும் வாய்மூடிப் போனார்கள்.

ஊடகத்துறையில் பட்டம் வாங்கிய எனக்கு நிரல்மொழி எதுவும் தெரியாது. ஆனால் வானொலி தெரியும். அதை வைத்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன்.

பிஎச்பி போன்ற மொழி நேரலை மாதிரி. நீங்கள் பக்கத்தைத் திறக்கும் அந்த நொடியில்தான் உள்ளே நிரல் படிக்கப்படுகிறது, பக்கம் தயாராகிறது. அறிவிப்பாளர் தடுமாறினால் நேயர் காதிலேயே தடுமாறுகிறார். தொகுப்பு மொழிகள், அதாவது சி, கோ, ரஸ்ட் போன்றவை, முன்பே பதிவு செய்த நிகழ்ச்சி மாதிரி. எழுதிய நிரல் முழுவதையும் ‘கம்பைலர்’ என்ற தொகுப்பி ஒருமுறை வரிவரியாகச் சோதித்து, கணினிக்கு நேரடியாகப் புரியும் கோப்பாக மாற்றித் தருகிறது. இல்லாத ஒரு வசதியைக் கூப்பிட்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடும். கண்டிப்பான தயாரிப்பாளர் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே “மறுபடி வாசி” என்பாரே, அப்படி. எல்லாத் தவறும் அங்கே பிடிபடும் என்று சொல்ல முடியாது. ஆனால் என் ஒரு வரித் தவறு பிடிபட்டிருக்கும்.

நண்பர் ஒருவர் ஹியூகோவைக் காட்டினார். 2013-இல் ஸ்டீவ் ஃபிரான்சியா தொடங்கியது, கோ மொழியில் எழுதப்பட்டது, முழுக்கத் திறமூலம். கோ மொழி தெரிய வேண்டியதில்லை. தொகுத்து முடித்த ஒரே ஒரு கோப்பு, இறக்கிக்கொண்டால் போதும். அது என் பதிவுகளையும் தீமையும் படித்து, எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே செய்து அடுக்கிவிடுகிறது. 140 பக்கங்கள் ஒரு நொடிக்குள் முடிந்தன. தவறிருந்தால் என் மேசையிலேயே கத்துகிறது. பழைய பக்கங்கள் இணையத்தில் அப்படியே இருக்கும், மாமாவுக்கு ஒன்றும் தெரியாது.

கோ மொழி பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2007-இல் கூகிளில் ஒரு பெரிய சி++ நிரல் தொகுக்கப்பட 45 நிமிடம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் ராப் பைக், கென் தாம்ப்சன், ராபர்ட் கிரீசமர் மூவரும் புது மொழி பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இவர்களில் முதல் இருவருக்கும் நம் வீட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1992-இல் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில், யுடிஎஃப்-8 குறிமுறையை வரைந்தவர்கள் இவர்கள்தான். இன்று இணையத்தில் நீங்கள் படிக்கும் தமிழெல்லாம் பெரும்பாலும் அந்தத் தாளின் வழியாகத்தான் வருகிறது.

ஆனால் ஒரு வேடிக்கை. கோ மொழியில் ஒரு மாறிக்கு ‘அம்மா’ என்று பெயர் வைக்க முடியாது! எழுத்துகளும் எண்களும்தான் பெயரில் வரலாம் என்பது அதன் விதி. நம் புள்ளியையும் துணைக்காலையும் அது எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ரஸ்ட் மொழியில் 2021 முதல் தாராளமாக வைக்கலாம். விளையாட்டாக இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்று திட்டியது, மற்றது பேசாமல் ஏற்றுக்கொண்டது.

சரி, மொழி உறுதியானது, தீம்? அங்கேதான் நான் மறுபடி மாட்டிக்கொண்டேன். தீம் தொகுப்பு மொழியில் எழுதப்படுவதில்லை. அது வெறும் வார்ப்புக் கோப்புகள். ஹியூகோவுக்கும் நூற்றுக்கணக்கான இலவசத் தீம்கள் உண்டு, பெரும்பாலானவை ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. முதலில் போட்டதில் வரிகள் நெருக்கமாக இருந்ததால் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கி’யை இடித்தது. இன்னொன்றின் எழுத்துருவில் தமிழே இல்லை. ‘முக்த மலர்’ என்ற திறமூல எழுத்துருவைச் சேர்த்துச் சரிசெய்தேன்.

மூன்றாவது தீம் எல்லா வகையிலும் பிடித்திருந்தது. பதிவேற்றிவிட்டு மாமாவுக்கு இணைப்பை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு.

“கேக்குதும்மா, நல்லா கேக்குது. ஆனா மேல முகவரியில ‘பாடடி’ன்னு இருக்கே?”

பார்த்தேன். ‘பாட்டி’ என்று நான் கொடுத்த தலைப்பு, முகவரியில் ‘பாடடி’ ஆகியிருந்தது. பிரெஞ்சு போன்ற மொழிகளில் எழுத்துக்கு மேலே வரும் குறிகளை முகவரியிலிருந்து நீக்குவதற்கு ஹியூகோவில் ஓர் அமைப்பு உண்டு. தீமோடு வந்த மாதிரிக் கோப்பில் அதை இயக்கி வைத்திருந்தார்கள். அதற்கு நம் மெய்ப்புள்ளியும் ஒரு குறிதான். ‘ஈ’காரக் கொக்கியும் அப்படியே, போயே போச்சு. 63 பக்கங்களிலும் ஒரு புள்ளி இல்லை. தொகுப்பி இதைத் தவறென்றே சொல்லவில்லை, சொல்லவும் சொல்லாது. அதற்கு மாமா வேண்டியிருந்தது.

கோ மொழியை உருவாக்கியவர்கள் 2012-இல் முதல் பதிப்போடு ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள்: இன்று எழுதிய நிரல் இனி வரும் 1-வரிசைப் பதிப்புகளிலும் தொகுக்கப்படும், ஓடும். 2022-இல் மொழியைப் பெரிதாக விரித்தபோதும் அதை மீறவில்லை. பின்னால் பெரிய நிறுவனம் இருக்கிறது, சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தீமுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒருவர்தான், அவருக்கும் வேலை மாறும், பிள்ளை பிறக்கும். இரண்டையும் ‘திறமூலம்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம், இரண்டும் இலவசம்தான். ஆனால் நான் இப்போது தீமைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைக் கடைசியில்தான் பார்க்கிறேன். கடைசியாக எப்போது திருத்தினார்கள், எத்தனை பேர் திருத்துகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஹியூகோவின் புதுப் பதிப்புகள் பழைய தீம்களை உடைப்பதும் உண்டு. அதனால் எனக்கு ஓடும் ஹியூகோ கோப்பு, தீம், குரல்கள் மூன்றையும் ஒரு விரலியில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். மாமா வீட்டில் இன்னொன்று.

மாதிரிக் கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றி, காரணத்தை எழுதி, தீமைச் செய்தவருக்கு அனுப்பினேன். புள்ளி இல்லாவிட்டால் என் பாட்டி என்ன ஆகிறார் என்றும் விளக்கினேன். இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் திருத்திய ஒரே நிரல் அது.

முகவரி சரியானதும் மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“பாடடின்னே விட்டிருக்கலாம்மா. எங்கம்மா உளியத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போகையில பாடிக்கிட்டேதான் போகும்” என்றார்.