புகைபோக்கிச் சிறுவரும் கவிஞரின் குரலும்

நீராவி இயந்திரம், பருத்தி ஆலை, புகையிரதம் எனப் பிரித்தானியக் கைத்தொழிற் புரட்சியின் சாதனைகளை நாம் பாடசாலை நாட்களிலேயே கற்றிருக்கிறோம். அம்முன்னேற்றத்தின் சுமையைச் சிறுவர்களும் தாங்கினர் என்பதை அக்காலக் கவிஞர்கள் சிலர் மறைக்காது பதிவு செய்துள்ளனர்.

லண்டன் வீடுகளின் ஒடுங்கிய புகைபோக்கிகளில் ஏறிக் கரியைச் சுரண்டுவதற்கு வறிய சிறுவர்களே பயன்படுத்தப்பட்டனர். 1788 ஆம் ஆண்டின் சட்டம், எட்டு வயதுக்குக் குறைந்தோரை இத்தொழிலிற் சேர்ப்பதைத் தடை செய்தது. ஆயினும் அது ஏட்டளவிலேயே இருந்தது. மறு ஆண்டில் வில்லியம் பிளேக் இச்சிறுவர் பற்றிய தமது முதலாவது கவிதையை வெளியிட்டார். தாயை இழந்து, தந்தையால் விற்கப்பட்ட சிறுவனே அதிற் பேசுகிறான். 1794 இல் வெளிவந்த இரண்டாவது கவிதையில், பிள்ளை பனியில் வாட, பெற்றோர் தேவாலயத்திற் பிரார்த்திக்கின்றனர். முன்னையது இரக்கத்தைத் தூண்டுகிறது. பின்னையதோ பெற்றோருடன் மதகுருவையும் மன்னரையும் சேர்த்தே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

அரை நூற்றாண்டின் பின்னர், 1843 இல், எலிசபெத் பரெட் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழன்ற சிறுவரின் அழுகுரலைக் கவிதையாக்கினார். சிறுவர் தொழில் பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழுவிற் பணியாற்றிய ரிச்சர்ட் ஹோர்ன் அவரது நண்பராவார். அவ்வாணைக்குழு திரட்டிய சாட்சியங்களே அக்கவிதைக்கு அடிப்படையாயின. அறிக்கையின் பக்கங்களில் உறைந்திருந்த உண்மை, கவிதையின் ஊடாக வாசகரின் மனச்சாட்சியைத் தொட்டது.

எனினும், கவிதையே சட்டத்தைக் கொணர்ந்தது எனக் கூறுவது மிகையாகும். பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்கள் சுரங்கத்தினுள் வேலை செய்வதை 1842 ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. துணி ஆலைகளுக்கு 1833 ஆம் ஆண்டின் சட்டம் நான்கு பரிசோதகர்களை நியமித்தது. அவர்களது எண்ணிக்கை சொற்பமாயினும், சட்டத்துக்குக் கண்கள் கிடைத்தன. புகைபோக்கிச் சிறுவருக்கோ அந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை. நீண்ட தூரிகைகள் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தும், புகைபோக்கிகளைத் திருத்தியமைக்கும் செலவை வீட்டுச் சொந்தக்காரர் பலர் விரும்பவில்லை. 21 வயதுக்குக் குறைந்தோர் புகைபோக்கியில் ஏறுவதை 1840 ஆம் ஆண்டின் சட்டம் தடுத்த பின்னரும் அக்கொடுமை தொடர்ந்தது. 1875 இல், கேம்பிரிட்ஜ் அருகே மருத்துவமனையொன்றின் புகைபோக்கியில் ஏற்றப்பட்ட சிறுவன் உயிரிழந்தான். அதே ஆண்டில், இத்தொழில் செய்வோர் பொலிஸாரிடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் எனச் சட்டம் வந்தது. அதன் பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. முதலாவது சட்டத்துக்கும் இதற்குமிடையே கழிந்த காலம் 87 ஆண்டுகள்!

2024 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 13 கோடியே 80 இலட்சம் சிறுவர்கள் தொழிலில் ஈடுபடுத்தப்பட்டிருந்ததாகச் சர்வதேச தொழில் ஸ்தாபனமும் யுனிசெப்பும் மதிப்பிட்டுள்ளன. அநீதியை அறியோம் என எவரும் கூறமுடியாத நிலையை ஒரு கவிஞரால் உருவாக்க முடியும். அறிந்த பின்னர் அதனைத் தடுப்பது, சட்டத்தை நடைமுறைப்படுத்துவோரதும், மலிவான உழைப்பின் பயனை அனுபவிக்கும் நம் ஒவ்வொருவரதும் கடமையாகும்.