பழைய ஜீப்பை விற்றால் வரி உண்டா? உண்மையான லாபம் எவ்வளவு?



வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆனதும் சில பேருக்கு ஒரு ஆசை வரும். ஒரு பழைய மஹிந்திரா எம்எம் 540 அல்லது மாருதி ஜிப்ஸி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமா ரெடி பண்ணி, வார இறுதியில கொல்லிமலை, கோத்தகிரினு ஓட்டணும். ஆசை தப்பில்ல. ஆனா விக்கிற நேரம் வரும்போது மூணு கேள்வி வரும். வரி கட்டணுமா? உண்மையிலேயே லாபம் வந்துச்சா? கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா நம்ம பொறுப்பு முடிஞ்சுதா? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. வரி உண்டா?

சம்பளக்காரர் சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த வண்டியை வித்தா, வர்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது.

காரணம் இதுதான். மூலதன ஆதாயம் வரணும்னா, வித்த பொருள் சட்டப்படி 'மூலதனச் சொத்து'வா இருக்கணும். 1961 வருமான வரிச் சட்டம் பிரிவு 2(14), நீங்களோ உங்க குடும்பமோ சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருட்களை அந்தப் பட்டியல்ல இருந்து விலக்குது. நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு மாதிரியான சிலதுக்கு மட்டும் இந்த விலக்கு இல்ல. கார், பைக், ஜீப் எல்லாம் விலக்குக்குள்ள வரும். 2026 ஏப்ரல் 1-லிருந்து வந்த புதுச் சட்டத்துல பிரிவு எண்தான் மாறியிருக்கு, இந்த விதி மாறல.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. லாபத்துக்கு வரி இல்லாத மாதிரியே, நஷ்டத்துக்கும் மதிப்பில்ல. ஜீப்ல ஒரு லட்சம் போச்சுன்னு, அதை ஷேர்ல வந்த லாபத்தோட கழிக்க முடியாது.

2. இந்தச் சலுகை எப்போ கைவிட்டுப் போகும்?

'சொந்த உபயோகம்' என்ற வார்த்தைதான் இங்க எல்லாம். மூணு இடத்துல அது உடையும்.

• வாங்கி, ரெடி பண்ணி, வித்து, மறுபடி வாங்கினா: வருஷத்துக்கு ரெண்டு மூணு வண்டி இப்படிப் போனா அது பொழுதுபோக்கு இல்ல, வியாபாரம். ஒரே ஒரு வண்டியா இருந்தாலும், விக்கிற நோக்கத்தோடயே வாங்கினதுன்னு தெரிஞ்சா வியாபார வருமானமா பார்க்க இடமிருக்கு. அப்போ லாபம் உங்க ஸ்லாப்படி வரிக்கு வரும். ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-3 அல்லது 4-க்குப் போகணும். வருஷா வருஷம் பழைய வரிமுறை, புது வரிமுறைன்னு மாத்திக்கிற வசதியும் போயிடும்.

• ஓட்டாமலே பூட்டி வச்சிருந்தா: விலை ஏறட்டும்னு ஷெட்ல நிறுத்தி வச்ச வண்டிக்கு சொந்த உபயோகம்னு வாதாடுறது கஷ்டம். மூலதனச் சொத்துன்னு எடுத்துக்கிட்டா, 24 மாதத்துக்கு மேல வச்சிருந்ததுக்கு 12.5% வரி.

• தொழில் கணக்குல காட்டியிருந்தா: ஃப்ரீலான்ஸ் வருமானத்துக்கு எதிரா இதே ஜீப்புக்குத் தேய்மானம் கழிச்சிருந்தீங்கன்னா, விக்கும்போது 'இது என் சொந்த வண்டி'ன்னு சொல்ல முடியாது.

அதனால இன்ஷூரன்ஸ் பாலிசி, ஃபாஸ்டேக் பதிவு, சர்வீஸ் பில் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. நீங்க ஓட்டின வண்டிதான்னு சொல்ல அவைதான் சாட்சி. அக்கவுன்ட்ல திடீர்னு ஏழு லட்சம் எப்படி வந்துச்சுன்னு யாராவது கேட்டாலும் இதே ஃபோல்டர்தான் பதில்.

3. லாபம் எவ்வளவு? கணக்கு போட்டுடலாம்

ஒரு எடுத்துக்காட்டு எடுத்துக்குவோம். வாங்கினது 2019 ஏப்ரல், வித்தது 2025 ஏப்ரல்.

• வாங்கின விலை: 2,50,000 ரூபாய்
• என்ஜின் வேலை (2019 ஏப்ரல்): 90,000
• டிங்கரிங், பெயின்ட் (2020): 1,10,000
• கியர்பாக்ஸ், ஆக்சில், டயர் (2022): 80,000
• இன்ஷூரன்ஸ், ஆர்.சி புதுப்பிப்பு, பசுமை வரி: வருஷம் 10,000 வீதம் 60,000
• மொத்தம்: 5,90,000
• வித்த விலை: 7,00,000

'ரெண்டரைக்கு வாங்கி ஏழுக்கு வித்தேன், நாலரை லட்சம் லாபம்'னுதான் நண்பர்கள்கிட்ட சொல்லுவோம். செலவைக் கழிச்சா 1,10,000 தான் நிக்குது.

இன்னும் ஒரு படி போகலாம். அந்தந்தத் தேதியில இதே தொகையை 7% வட்டி தர்ற டெபாசிட்ல போட்டிருந்தா, 2025-ல சுமார் 8,39,000 ரூபாய் இருந்திருக்கும். ஜீப் கொடுத்தது 7,00,000. அதாவது 1,39,000 குறைவு. ஆறு வருஷம்னா 72 மாதம், மாதத்துக்கு சுமார் 1,930 ரூபாய்.

ஆனா டெபாசிட் வட்டிக்கு வரி உண்டு, ஜீப் லாபத்துக்கு இல்ல. நீங்க 30% ஸ்லாப்ல இருந்தா, செஸ் சேர்த்து 31.2% போக, 7% என்பது கையில 4.8% தான். அந்தக் கணக்குல டெபாசிட் சுமார் 7,52,000 ஆகியிருக்கும். வித்தியாசம் 52,000, மாதத்துக்கு 725 ரூபாய் பக்கம்.

இதை எப்படிப் பார்க்கணும்? முதலீடா பார்த்தா ஜீப் தோத்துடுச்சு. பொழுதுபோக்கா பார்த்தா, ஓட்டின டீசலைத் தவிர, மாதம் 725 ரூபாய்க்கு ஆறு வருஷம் ஒரு ஜீப் வச்சிருந்தீங்க. அது ரொம்ப மலிவு! 'இது இன்வெஸ்ட்மென்ட்'னு நம்ம மனசைச் சமாதானப்படுத்திக்கிட்டு எஸ்ஐபி-யை நிறுத்தி ஆக்சில் வாங்கும்போதுதான் பிரச்சினை வரும். எமர்ஜென்சி ஃபண்டும் எஸ்ஐபி-யும் ஓடிக்கிட்டே இருக்கட்டும். மிச்சமாகிற பணத்துல ஜீப்பைப் பாருங்க.

4. 'மூணு லட்சம் கேஷா தரேன்' என்றால்?

வேண்டாம். வருமான வரிச் சட்டப்படி ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. நாலு நாளாப் பிரிச்சு வாங்கினாலும் பரிவர்த்தனை ஒண்ணுதான். மீறினா, வாங்கின ரொக்கத்துக்குச் சமமான தொகை வரை அபராதம் வரலாம். அதுவும் பணம் கொடுத்தவருக்கு இல்ல, வாங்கின உங்களுக்கு. மேல சொன்ன ஜீப்புக்கு 3 லட்சம் கேஷ் வாங்கினா, ஆறு வருஷ லாபத்தைப் போல மூணு மடங்கு அபராதமாப் போகும். முழுத் தொகையையும் பேங்க் டிரான்ஸ்ஃபராவே வாங்குங்க.

5. ஆர்.சி மாறும் வரை வண்டி உங்களுடையதுதான்

வித்து பல மாசம் ஆன வண்டி விபத்துல சிக்கினா யார் நஷ்டஈடு தரணும்? 2018-ல உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. வண்டி அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தது, ஆனா ஆர்.சி மட்டும் முதல் ஆள் பெயர்லயே இருந்தது. பதிவேட்டுல யார் பெயர் இருக்கோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்புன்னு தீர்ப்பு வந்தது. மலைப் பாதையில ஓடப் போற ஜீப்புக்கு இதை மறக்கவே கூடாது.

செய்ய வேண்டியது: அதே மாநிலத்துக்குள்ள வித்தா 14 நாளுக்குள்ள படிவம் 29 மூலமா ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்கணும். பெயர் மாற்ற விண்ணப்பம் படிவம் 30. வேற மாநிலத்துக்குப் போகுதுன்னா படிவம் 28-ல தடையில்லாச் சான்று வாங்கணும். தேதி, நேரத்தோட டெலிவரி நோட் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பரிவாஹன் தளத்துல பெயர் மாறினதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. இன்ஷூரன்ஸ்ல சேர்ந்திருக்கிற நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு இல்ல, உங்களுக்குச் சொந்தம். கம்பெனியில சான்றிதழ் கேட்டு வாங்கி, அடுத்த வண்டிக்குப் பயன்படுத்துங்க.

6. விலையை ஏத்துறதும் இறக்குறதும்

பழைய ஜீப்ல பெயின்டை விட பேப்பருக்குத்தான் மதிப்பு. என்ஜினை மாத்தி, அதை ஆர்.சி-யில பதிவு செய்யாம விட்டிருந்தா, விவரம் தெரிஞ்ச ஆள் வாங்க மாட்டார். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்குது. 15 வருஷம் தாண்டின தனியார் வண்டிக்கு ஆர்.சி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டின கார், ஜீப்புக்கு 2025 ஆகஸ்ட்ல இருந்து அந்தக் கட்டணம் 10,000 ரூபாய். புதுப்பிச்சுட்டு விக்கிறது நல்லது, பேரத்துல அதை விட அதிகமாக் குறைப்பாங்க.

விளம்பரத்துல 'விண்டேஜ்'னு போடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். 2021 விதிப்படி விண்டேஜ்னா முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாம இருக்கணும். அப்படிப் பதிவு செஞ்சா வி.ஏ வரிசை எண் கிடைக்கும், ஆனா தினசரி ஓட்ட முடியாது. அதனால உங்க 1996 மாடல் வெறும் பழைய ஜீப்தான், அப்படியே எழுதுங்க.

சுருக்கமா: சொந்த உபயோகத்துக்கு ஆதாரம், செலவுக்கு பில், பணத்துக்கு பேங்க், பொறுப்புக்கு ஆர்.சி மாற்றம். இந்த நாலும் சரியா இருந்தா ஜீப்பைத் தைரியமா கொடுக்கலாம்.

இதே கணக்கை ஷீட்ல எப்படிப் போடுறதுன்னு வீடியோவுல காட்டியிருக்கேன். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!